காதுக்குப் பின்னால் இரண்டு விரல்

நான் மைக்கைப் பிடுங்கவில்லை. கேட்டு வாங்கினேன். பேக்கிங் ஹால் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக ஆளுக்கொரு கதை ஓடுகிறது. குணா அக்கா மேடத்தை அடிக்கப் போனாராம், சால்வையைத் தூக்கி எறிந்தாராம், செக்யூரிட்டி வந்து இழுத்துக்கொண்டு போனார்களாம். சால்வை இதோ என் வீட்டுக் கொடியில் காய்கிறது. யாரையும் அடிக்கிற பலம் என் கையில் இப்போது இல்லை. இன்னும் உள்ளே வேலை செய்கிற நாலு பேர், "அக்கா, நடந்தத நீயே எய்தி போடுக்கா" என்று கேட்டார்கள். போனில் சொல்ல ஆரம்பித்தால் கோபம் வந்து பாதியில் வைத்துவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன். எழுதினாலும் கோபம்தான் வருகிறது. ஆனால் நடுவில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

எனக்கு எளாவூர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து, ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. வயிற்றுப்போக்கு வந்தவர்களுக்குத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கிற உப்புச் சர்க்கரைத் தூள் இருக்கிறதே, அதைப் பாக்கெட்டில் அடைக்கிற ஹால் எங்களுடையது. முதல் மூன்று மாதம் வேலை கற்றுக்கொண்டேன். வளையல் கூடாது, பூ கூடாது, பொட்டு கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது, முடி முழுவதும் தொப்பிக்குள் போக வேண்டும். கற்றுக்கொள்ள அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. எட்டு மணி நேரம் நிற்கக் கால் பழகிவிட்டால் போதும்.

அந்தத் தூளுக்கு ஈரம் ஆகாது. ஒரு சொட்டு பட்டால் கட்டி பிடித்துக்கொள்ளும். கட்டி பிடித்த ஒரு பாக்கெட் கடைக்குப் போய்விட்டால் அந்த லாட் முழுவதும் திரும்பி வரும். ஆகவே ஈரத் தலையோடு ஹாலுக்குள் போகக்கூடாது என்று விதி இருந்தது. இதை நான் குறை சொல்லவில்லை. குடிக்கப்போவது குழந்தைகள். எனக்கும் இரண்டு பிள்ளைகள் உண்டு.

நான் குறை சொல்வது அந்த விதியை நடத்திய விதத்தை.

உடை மாற்றுகிற அறை வாசலில் ஒரு ஸ்டூல், ஒரு மேசை, மேசையில் டிஷ்யூ பேப்பர் டப்பா. மழைக்காலம் முழுவதும் குவாலிட்டி சூப்பர்வைசர் வசந்தா மேடம் காலை ஆறேகாலுக்கு அங்கே வந்து நிற்பார். கையில் உறை போட்டிருப்பார். நாங்கள் வரிசையாக வந்து ஸ்டூலில் உட்கார்ந்து குனிய வேண்டும். மேடம் ஒரு டிஷ்யூவை எடுத்து நடு வகிட்டில் வைத்து இரண்டு விரலால் அழுத்துவார். மனசுக்குள் மூன்று எண்ணுவார்; உதடு அசைவது தெரியும். பிறகு அதைத் தூக்கி டியூப்லைட் வெளிச்சத்தில் பார்ப்பார். அடுத்து பிடரி. கடைசியாகக் காதுக்குப் பின்னால். ஈரம் தெரிந்தால் அரை நிமிஷம் காத்திருப்பார். காய்ந்தால் தண்ணீர், காயாமல் நின்றால் எண்ணெய். இரண்டுக்கும் தண்டனை ஒன்றுதான். அந்த டிஷ்யூவை ஒரு படிவத்தோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடிப்பார். பெயர், தேதி, நேரம். அதற்குப் பெயர் ரிட்டர்ன். வந்த வழியே வீட்டுக்குப் போகலாம். மத்தியானத்துக்குள் அந்த டிஷ்யூ நன்றாகக் காய்ந்து, டப்பாவில் மிச்சமிருக்கிற டிஷ்யூ மாதிரியே ஆகிவிடும். ரிட்டர்ன் மட்டும் அப்படியே இருக்கும்.

மேடம் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. திட்டியிருந்தால்கூட நாங்கள் பதிலுக்கு முணுமுணுத்திருப்போம். "சாரிம்மா, கொஞ்சம் வெட்டா இருக்கு. நாளைக்கு டிரையா வாங்க" என்று அப்படி ஒரு இதமாகச் சொல்லுவார். மேடம் வருவது கம்பெனி காரில். கார் போர்டிகோவில் நிற்கும், டிரைவர் குடை பிடிப்பார். எட்டு வருடம் அந்தக் கையின் கீழே குனிந்திருக்கிறேன். அந்தத் தலைமுடியில் மழை பட்டு நான் பார்த்ததே இல்லை.

எங்கள் தலையின் கதை வேறு. எளாவூரிலிருந்து கம்பெனிக்குச் சைக்கிளில் முக்கால் மணி நேரம். கல்கத்தா ரோட்டில், ஆந்திராவிலிருந்து இறங்குகிற லாரிகளோடு. ஐப்பசி கார்த்திகையில் மழை மேலேயிருந்து மட்டுமா வருகிறது? பக்கத்தில் லாரி போனால் சக்கரத்திலிருந்து சேறும் தண்ணீரும் வாளியால் ஊற்றியதுபோல விசிறி அடிக்கும். குடை பிடித்தால் லாரிக் காற்று குடையோடு நம்மையும் இழுக்கும். ரெயின்கோட்டின் தலைப்பகுதி முதல் காற்றிலேயே முதுகில் போய்த் தொங்கும். நாடாவை இறுக்கிக் கட்டினாலோ, நாம் தலையைத் திருப்புவோம், அது திரும்பாது. ரோட்டைப் பார்ப்பதற்குப் பதில் ரெயின்கோட்டின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். வெறும் பிளாஸ்டிக் கவரை மாட்டினால் மழை உள்ளே வராது, வேர்வை வெளியே போகாது. இரண்டு கிலோமீட்டர் மிதிப்பதற்குள் தலை அவிந்துபோகும். மழையில் நனையாமல் வந்து வேர்வையில் ரிட்டர்ன் ஆனவர்கள் எத்தனையோ பேர். வேர்வையா மழையா என்று அந்த டிஷ்யூ பேப்பருக்குத் தெரியாது.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். முடியைப் பின்னி உச்சியில் சுருட்டிக்கொள்வது. அதன் மேல் மெல்லிய பருத்தித் துண்டு, ஒரே சுற்று. வேர்வையை அது குடிக்கும். அதன் மேல் துணிக்கடையில் கொடுக்கிற தடிமனான பிளாஸ்டிக் பை. முன்பக்கத்து ஓரத்தை இரண்டு விரல் மடித்து நெற்றிக்கு மேல் தாழ்வாரம்போல நீட்டிவிட்டால் தண்ணீர் கண்ணில் இறங்காது. பக்கவாட்டில் காதை நன்றாக மூடி, பிடரி வரை இழுத்து, பாவாடை நாடாவால் தாடைக்குக் கீழே கட்ட வேண்டும். கம்பெனிக்கு முன்னால் ஒரு டீக்கடை உண்டு. அதன் கூரையடியில் எல்லாவற்றையும் அவிழ்த்து, முடியை உதறி, டிபன் பாக்ஸ் மூடியால் ஐந்து நிமிஷம் விசிற வேண்டும். இதற்காக வீட்டிலிருந்து கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டும். கிளம்பினேன். எனக்கு ரிட்டர்னே விழவில்லை. ஹாலில் எனக்குப் பெயர் ஆகிவிட்டது. "குணா அக்கா கட்டு" என்றே சொல்வார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கட்டக் கற்றுக்கொடுத்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

காதை ஏன் மூடினோம் என்பதைத் திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் பிறகு எல்லோரும் மறந்துவிட்டதாக நடித்தார்கள். மேடம் காதுக்குப் பின்னால் டிஷ்யூ வைப்பார். அதனால் மூடினோம். வேறு காரணம் கிடையாது.

ஸ்டெல்லா எங்கள் ஊர்தான், சர்ச்சுக்குப் பின்தெரு. அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது, இரண்டு பெண் பிள்ளைகள். புருஷனுக்கு அத்திப்பட்டு பவர் பிளான்ட்டில் கான்ட்ராக்ட் வேலை. இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. ஸ்டெல்லாவும் எங்கள் ஹாலில் நாலு வருடமாகக் கான்ட்ராக்ட்தான். பொங்கலுக்கு முன்னால் பர்மனன்ட் லிஸ்ட் ஒட்டப் போவதாகவும் அதில் அவள் பெயர் இருப்பதாகவும் ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஒரு மழைக்காலத்தில் மூன்று ரிட்டர்ன் விழுந்தால் லிஸ்ட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். ஸ்டெல்லாவுக்கு இரண்டு விழுந்துவிட்டது. முதலாவது வேர்வை. இரண்டாவது, ஒரு கன்டெய்னர் லாரி அவள் கவரைப் பறித்துக்கொண்டு போனது. அவளுக்குக் காதோரம் சுருட்டை முடி, எப்படி வாரினாலும் வெளியே வந்து நிற்கும். இரண்டு தடவையும் அங்கேதான் மாட்டினாள்.

இரண்டாவது ரிட்டர்ன் விழுந்த அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள்.

"எக்கா, இன்னொன்னு வுழுந்தா பேர அடிச்சிருவாங்க. ஊட்ல அவருக்கு ஒரு மாசமா வேல இல்ல. எனக்கு ஒரே பேஜாரா கீதுக்கா. நீ கட்டிக்கிற மாதிரியே எனக்கும் கட்டி வுடுக்கா."

"காலைல அஞ்சு மணிக்கு வா. நானே கட்டி வுடறேன்" என்றேன்.

வந்தாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. என் கையாலேயே கட்டினேன். சுருட்டை முடி தப்பிக்கக்கூடாது என்று காதோரம் துண்டை இரண்டு சுற்றாகச் சுற்றி, பையை இழுத்து, நாடாவை இறுக்கினேன்.

"எக்கா, காது வலிக்குது."

"வலிக்கட்டும். மேடம் பேப்பர் வெக்கிற எடம் அது" என்றேன். அப்புறம் கேட்டேன், "நான் சொல்றது கேக்குதா?"

"இன்னா?" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தோம். இன்றைக்கும் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

நான் முன்னால், அவள் பின்னால். மழை வலுத்தது. நான் பேசிக்கொண்டே மிதித்தேன். எனக்கு அது பழக்கம், மழையில் பேசினால் தூரம் தெரியாது. பர்மனன்ட் ஆனதும் முதலில் பெரியவளை நல்ல பள்ளிக்கூடத்தில் போடு என்றேன். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்குக் கேக் கொடுத்தனுப்ப மறக்காதே என்றேன். பதில் வருகிறதா என்று கவனிக்கவில்லை. வந்திருந்தாலும் எனக்கும்தான் காது மூடியிருந்தது. செக்போஸ்ட் பக்கம் வழக்கம்போல ரோட்டோரத்தில் லாரிகள் வரிசையாக நின்றன. கடந்து போனேன். ரயில்வே பாலத்தைத் தாண்டும்வரைக்கும் அவளோடு பேசிக்கொண்டு போனேன்.

டீக்கடைக் கூரையடியில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். ஸ்டெல்லா இல்லை. கட்டு அவிழ்ந்திருக்கும், எங்கேயாவது நின்று கட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். துண்டை அவிழ்த்தேன், முடியை உதறினேன், விசிறினேன். ஐந்து நிமிஷம் பார்த்தேன். ஆறு இருபத்தைந்து ஆகிவிட்டது. உள்ளே போய்விட்டேன்.

அதற்கு மேல் சமாதானம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. உள்ளே போய்விட்டேன், அவ்வளவுதான்.

ஸ்டூலில் உட்கார்ந்து குனிந்தேன். வகிடு, பிடரி, காதுக்குப் பின்னால். மூன்று டிஷ்யூவும் காய்ந்திருந்தன. மேடம் அவற்றை டியூப்லைட்டில் காட்டி, வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "பாருங்கம்மா, இவ்வளவு மழையிலயும் குணா எப்படி வந்திருக்காங்க" என்றார். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது.

பத்து மணிக்குக் கேன்டீனுக்குக் காய்கறி கொண்டுவந்த வேன் டிரைவர் சொல்லித்தான் தெரிந்தது. செக்போஸ்ட் பக்கத்தில் ரோட்டோரமாக நின்ற ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்திருக்கிறது. நான் கடந்து போன அடுத்த நொடி. அந்த லாரியின் கிளீனரைப் பிறகு நான் தேடிப் போய்ப் பார்த்தேன். நடுவயது ஆள், நாயுடுபேட்டைப் பக்கம்.

"நா பாடிய தட்டினு நிக்கறேன். எம்மா, எம்மான்னு தொண்ட கிய கத்தறேன். அந்தம்மா திரும்பவேல்ல. எங்க நைனா மேல ஆண" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "முன்னாடி போனியே, நீ கூடத்தான் திரும்பல" என்றார்.

ஸ்டெல்லா உயிர் பிழைத்தாள். வலது கால் முட்டி நசுங்கிவிட்டது. கம்பி வைத்தார்கள், எடுத்தார்கள், மறுபடி வைத்தார்கள். இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். எட்டு மணி நேரம் நிற்கிற வேலைக்கு அந்தக் கால் எதற்கு ஆகும்? லிஸ்ட் ஒட்டினார்கள். அவள் பெயர் இல்லை.

ஒரு வாரம் கழித்து என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். ஏசி அறை. பெர்சனல் ஆபீஸர் ஒருவர், வசந்தா மேடம், மேசையில் டைப் அடித்த ஒரு தாள். கூடப் போனவள் நான்தான் என்பதால் என் வாக்குமூலமாம். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே என் வாக்குமூலம் தயாராக இருந்தது. ஆபீஸர் படித்துக் காட்டினார். 'மேற்படி ஸ்டெல்லா தனது சொந்த விருப்பத்தின் பேரில் பிளாஸ்டிக் பையால் இரு காதுகளையும் மூடிக்கொண்டு சைக்கிள் ஓட்டியதால், லாரியின் சத்தமும் எச்சரிக்கைக் குரலும் அவர் காதில் விழவில்லை.'

"இதுல எதாவது தப்பு இருக்கா?" என்றார் ஆபீஸர்.

காது மூடியிருந்தது உண்மை. சத்தம் கேட்காதது உண்மை. நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் மேசையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், காதுக்குப் பின்னாடி பேப்பர் வெக்கிறாங்க இல்ல, அதுக்காகத்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"அது புரசீஜர்மா" என்றார் மேடம், அதே இதமான குரலில். "காதை மூடிட்டு வரச் சொல்லி நாங்க யாரும் சொல்லலையே. யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னும் நாங்க கேக்கல."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் புரிந்தது. குணா அக்கா கட்டு. கேட்டால் ஹாலே சொல்லும். எனக்கு அப்போது வேலை நிரந்தரம், பையனுக்குக் கல்லூரிப் படிப்பு. கையெழுத்துப் போட்டேன். ஒரு இடத்தில் அல்ல, மூன்று பிரதியிலும். பேனாவை மூடி மேடத்திடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் கேட் அருகே போர்டு வைத்தார்கள்: 'சைக்கிளில் வருவோர் காதுகளை மூடக்கூடாது. உங்கள் பாதுகாப்பு எங்கள் பொறுப்பு.' சரி, இனிமேல் காதுக்குப் பின்னால் டிஷ்யூ வைக்கமாட்டார்கள் என்று நாங்கள் நம்பினோம். அடுத்த மழைக்கு எல்லோரும் காதைத் திறந்து வைத்துக்கொண்டு வந்தோம். மேடம் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றார். வகிடு, பிடரி, காதுக்குப் பின்னால். ஒரே காலையில் ஆறு பேருக்கு ரிட்டர்ன். காதை மூடாதே என்பது ஒரு போர்டு, காதோரம் காய்ந்திருக்க வேண்டும் என்பது ஒரு ரிஜிஸ்டர். இரண்டும் ஒரே கேட்டுக்குள் இருந்தன. இதைப் பார்த்து வெட்கப்பட அந்தக் கட்டடத்தில் ஒரு ஆள் இல்லை.

நான் போய்க் கேட்டேன். உடை மாற்றும் அறைக்கு வெளியே ஒரு ஃபேன், உட்கார ஒரு பெஞ்சு, பத்து நிமிஷம் நேரம். நனைந்து வந்தவர்கள் காயவைத்துக்கொண்டு உள்ளே வருவார்கள்.

"ஃபேன் வெச்சா முடி பறக்கும்மா. கன்டாமினேஷன்" என்றார் மேடம்.

"வெளியதான மேடம் வெக்கச் சொல்றேன்?"

"பத்து நிமிஷம் லேட்டானா லைன் யாரு ஓட்டறது? நீங்களே சொல்லுங்க."

ஒரு ஃபேன். இன்றைக்கும் எந்தக் கடையிலாவது ஃபேன் சுற்றுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரின் ரேசரை எடுத்தேன். கண்ணாடி முன்னால் நின்று காதைப் பிடித்து மடக்கி, அதன் பின்னால் இரண்டு விரல் அகலத்துக்கு மழித்தேன். இரண்டு பக்கமும். முடி இருந்தால்தானே நனையும்? வெறும் தோலைத் துண்டால் துடைத்துவிட்டால் டிஷ்யூவுக்கு என்ன கிடைக்கும்?

"இன்னாடி பண்ற?" என்று வீட்டுக்காரர் பதறிப்போய்க் கேட்டார்.

"வேலைக்குப் போறேன்" என்றேன்.

காது திறந்திருந்தது. லாரி வந்தால் கேட்டது. மறுநாள் மேடம் காதை மடக்கிப் பார்த்தார். விரல் ஒரு கணம் நின்றது. தோலில் டிஷ்யூவை வைத்து மூன்று எண்ணி, வெளிச்சத்தில் பார்த்து, "ஓகே" என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை. ஒரு பொம்பளை இதற்காகத் தலையை மழித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று கண்ணெதிரே பார்த்தும் ஓகே. அந்த வருடம் எட்டுப் பேர் மழித்துக்கொண்டோம். தொப்பிக்குள் யாருக்கும் தெரியாது. கல்யாணம் காட்சிக்குப் போகும்போது முடியை இழுத்துவிட்டு மறைத்துக்கொள்வோம்.

ஓய்வு பெற்ற அன்று எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். இருபத்தாறு மழைக்காலம், ஒரு ரிட்டர்ன்கூட இல்லை. ஸ்டெல்லா விழுந்த நாளும் அந்தக் கணக்கில் இருக்கிறது. அதை நான் சுவரில் மாட்டவில்லை. கிழிக்கவும் தைரியம் வரவில்லை. பீரோவில் துணிக்கு அடியில் கிடக்கிறது.

போன மாதம் ரம்யா என்று ஒரு பெண் போன் செய்தாள். ஹெச்.ஆர். பாதுகாப்பு விழா வைக்கிறோம், மழையில் வேலைக்கு வருவது பற்றி நீங்கள் ஐந்து நிமிஷம் பேச வேண்டும் என்றாள். "டிப்ஸ் மாதிரி சொல்லுங்க அக்கா. பாசிட்டிவா." மேடமும் வருகிறாராம். இப்போது பிளான்ட்டுக்கே குவாலிட்டி ஹெட் அவர்தானாம்.

"இன்னும் டிஷ்யூ வெக்கிறாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"அது புரசீஜர் அக்கா" என்றாள். பாவம், நேற்று வந்த பெண். அந்த வார்த்தையை மட்டும் அதற்குள் கற்றுக்கொண்டிருந்தாள்.

விழாவுக்குப் போகிற வழியில் ஸ்டெல்லா வீட்டில் இறங்கினேன். வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருக்கிறாள், ஒற்றைக் காலால் மிதிக்க வராது என்று மோட்டார் மாட்டியது. விஷயத்தைச் சொன்னேன். ஊசியை நிறுத்தாமல் கேட்டாள்.

"இன்னா பேசப் போற?"

"பாக்கலாம்" என்றேன்.

"பாக்கலாம்னா? என் இஷ்டத்துக்கு மூடிக்கினேன்னு எய்தி வெச்சிருக்காங்க. எம் பொண்ணுங்க கூட அத்த நம்புது, நீ ஏம்மா மூடினன்னு கேக்குது. நீ அத்த சொல்லுவியா, சொல்லமாட்டியா?"

"சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை. முதல் தடவை சொல்லவில்லை. கேன்டீன் ஹாலில் மேடை, பூங்கொத்து, கேமரா. மேடம் எழுந்து வந்து எனக்குச் சால்வை போர்த்தினார்; நரைத்திருந்தார், அதே இதம். தொழிலாளர்களுக்குக் கம்பெனி பெயர் போட்ட புது ரெயின்கோட் கொடுத்தார்கள். அதன் தலைப்பகுதியில் சுற்றிலும் எலாஸ்டிக். போட்டால் நெற்றியிலிருந்து தாடை வரை இறுக்கிப் பிடித்து இரண்டு காதும் மூடிக்கொள்ளும். அதைப் போட்டுக்கொண்டு பத்துப் பெண்கள் போட்டோவுக்கு நின்றார்கள். அவர்கள் தலைக்கு மேலே சுவரில், கேட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டிய அந்தப் பழைய போர்டு, காதுகளை மூடக்கூடாது என்று. எனக்கு மைக் கொடுத்தார்கள். துண்டைப் பற்றிச் சொன்னேன், டிபன் பாக்ஸ் மூடியைப் பற்றிச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். "ஸ்டெல்லான்னு ஒரு பொண்ணு..." என்று ஆரம்பித்தபோது ரம்யா மணிக்கட்டைக் காட்டினாள். நேரமாகிவிட்டதாம். நான் உடனே கும்பிட்டுவிட்டு இறங்கினேன். யாரும் இழுத்து இறக்கவில்லை. நானாகத்தான் இறங்கினேன். மறுபடியும் ஒரு கையெழுத்து.

கை கழுவுகிற இடத்தில் போய் நின்றேன். முகத்தைக் கழுவினால் தேவலை என்று இருந்தது. பக்கத்தில் ஒரு பெண், முப்பது வயது இருக்கும், தொப்பியைக் கழற்றிவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கம்மலைச் சரிசெய்யக் காதை முன்னால் மடக்கினாள். பின்னால் பளபளவென்று இருந்தது.

"இன்னாம்மா இது?" என்றேன்.

"இதுவாக்கா? மய வந்தா இப்டித்தான். எல்லாரும் செய்வாங்க" என்றாள் சாதாரணமாக.

"யாரு சொன்னது உனக்கு?"

"யாரு சொன்னா? முன்னாடிலேர்ந்தே அப்டித்தாங்கா. ரெண்டு வெரல் அகலம். அதுக்கு மேல எடுத்தா தெரிஞ்சிரும்."

நான் என் விரலை வைத்துப் பார்த்தேன். சரியாக இரண்டு விரல்.

அப்போதுதான் திரும்பிப் போனேன். மேடையில் மேடம் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், "மேடம், ஒரு நிமிஷம் குடுங்க" என்றேன். பழக்க தோஷம், மரியாதையாகத்தான் கேட்டேன். அவரும் பழக்க தோஷத்தில் மைக்கைக் கொடுத்துவிட்டார்.

சொன்னது இவ்வளவுதான். குழுவில் வருகிற மற்றதெல்லாம் கட்டுக்கதை.

"ஸ்டெல்லா காத மூடிக்கினு வந்தது அவ இஷ்டம் இல்ல. காதுக்குப் பின்னாடி பேப்பர் வெச்சாங்க, அதுக்காக மூடினா. மூடிக் கட்டி வுட்டது நானு. அவ இஷ்டம்னு எய்தின தாள்ல கையெழுத்து போட்டதும் நானு. அந்தக் கையெழுத்து பொய். இன்னைக்கும் இங்க காதுக்குப் பின்னாடி சரைச்சுக்கினு வர்றீங்க. ஒரு ஃபேன் கேளுங்க. குடுக்கற வரைக்கும் யாரும் குனியாதீங்க."

கைதட்டல் இல்லை. மைக்கை மேடத்தின் கையிலேயே கொடுத்தேன். மேடம் என்னைப் பார்க்கவில்லை, மைக்கைப் பார்த்தார்.

வெளியே நல்ல மழை. புது ரெயின்கோட்டை ரம்யா நீட்டினாள். வேண்டாம் என்று சைக்கிளை எடுத்தேன். தலையில் ஒன்றும் கட்டவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக மழை என் தலையில் நேராக இறங்கியது. செக்போஸ்ட் பக்கம் யாரோ லாரியைத் தட்டி, "எம்மா, ஓரம் போ" என்று கத்தினார்கள். கேட்டது. ஓரம் போனேன்.

ஸ்டெல்லா வீட்டு வாசலில் இறங்கியபோது முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் மெஷினை நிறுத்திவிட்டு என் தலையைத்தான் முதலில் பார்த்தாள்.

"சொல்லிட்டேன்" என்றேன்.

காலை இழுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய் ஒரு துண்டை எடுத்து வந்து கொடுத்தாள். நான் துவட்டிக்கொள்ளும்வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இத்த சொல்றதுக்கு உனக்குப் பன்னெண்டு வருசம் ஆச்சாக்கா?" என்று கேட்டாள்.